கடைக்கால் தோண்டுமுன்



‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்’ என்னும் முதுமொழியை நம் இல்லங்களில் கேட்டறியாதார் இலர். வீடு கட்டுகிறவன் படும் பாட்டை எண்ணி எழுந்த மொழி அது. எனினும் அவனுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அடுப்பு எங்கே அமைய வேண்டும், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், முதியவளான தாய் எந்த அறையில் படுப்பாள் என்பவற்றை அவனும் அவன் மனைவியும் கூடிப் பேசி முடிவு செய்கின்றனர். பிழை நேர்ந்தால் அதை நாள்தோறும் அனுபவிப்பவர்களும் அவர்களே. ஆதலின் பிழை விரைவில் கண்ணுக்குத் தெரிகிறது. விரைவில் திருத்தவும் படுகிறது.

அரசாங்கக் கட்டடத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. இடத்தைத் தேர்ந்தவர் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். வரைபடம் வரைந்தவர் மற்றோர் அலுவலகத்தில் இருக்கிறார். பணம் ஒதுக்கியவர் தலைமைச் செயலகத்தில் இருக்கிறார். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் வேலை முடிந்ததும் வேறு ஊருக்குச் சென்றுவிடுகிறார். அக்கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கப் போகிறவர்களோ இவர்களுள் எவருமல்லர். ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், கிராம நிர்வாக அலுவலகம், பொதுக் கழிப்பறை, மீன் அங்காடி ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் கட்டுவோர் ஒருவர், பயன்படுத்துவோர் வேறொருவர். நாம் அன்றாடம் காணும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் வேர்விடுகின்றன. இந்த இடைவெளியை நிரப்புவது எவ்வாறு? இதுவே இம்மாதம் நாம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழையும் பொருள்.

முகத்துவாரத்து ஊர்

சென்னை பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்தைத் தரிசிக்கச் செல்லும் நம் குடும்பங்கள் பல. அங்கிருந்து கடலை வலப்புறம் கொண்டு வடக்கு நோக்கி எலியட்ஸ் கடற்கரையில் நடந்தால், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அண்மையில் ஒரு மீனவர் ஊரை அடைவோம். அதுவே ஊரூர் ஒல்காட் குப்பம். மணலில் படகுகள், படகின் நிழலில் வலையைச் செப்பனிடும் கைகள், கூடைகளில் அன்றைய மீன், அப்பால் அடுக்கடுக்காக வீடுகள் என்பதே அவ்வூரின் தோற்றம். அதைச் சூழ்ந்து நகரம் வளர்ந்துவிட்டது. எனினும் குப்பம் தன் தொழிலை விடவில்லை.

குப்பத்தின் பெயரிலுள்ள ஒல்காட், பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஹென்றி ஒல்காட் ஆவார். அச்சபை 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றைத் தன் தலைமையிடமாகக் கொண்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்கவும் அனுமதி பெறாதிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென 1894-இல் அவர் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதன் வழிவந்த பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடந்து வருகிறது. அது அரசாங்கக் கட்டடமன்று. அவருடைய சமயக் கொள்கை நம்முடையதுமன்று. ஆயினும் அதில் ஒரு பாடம் உண்டு. பட்டணத்தின் நடுவே பெரியதொரு மாளிகையை எழுப்பி, ‘வருகிறவர்கள் வரட்டும்’ என்று அவர் இருந்துவிடவில்லை. எந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளியோ, அந்தப் பிள்ளைகள் நடந்து வரும் தொலைவில் பள்ளி அமைந்தது. பொதுக் கட்டடத்துக்கு இடம் தேர்வதில் முதல் இலக்கணம் இதுவே.

உடைந்து நிற்கும் பாலம்

இதே குப்பத்தின் அருகே மற்றொரு பாடமும் கல்லும் காரையுமாக நின்றுகொண்டிருக்கிறது. 1967-ஆம் ஆண்டு, முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் வாழும் மீனவ மக்கள் எளிதில் கடந்து செல்லும் பொருட்டு ஒரு பாலம் கட்டப்பட்டது. பத்தே ஆண்டுகள், 1977-இல் ஆற்று வெள்ளத்தின் வேகத்துக்கு ஆற்றாமல் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. எஞ்சிய பகுதி இன்றும் எக்கரையையும் இணைக்காமல் நிற்கிறது. ‘உடைந்த பாலம்’ என்பதே இப்போது அதன் பெயர். மாலை வேளையில் படம் பிடிக்க வருவோருக்கு அது பயன்படுகிறது. மறுகரைக்கு மீன் கொண்டு செல்ல வேண்டிய பெண்ணுக்குப் பயன்படவில்லை. மீண்டும் கட்டும் பேச்சு அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக உள்ளது.

பாலத்தின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் முகத்துவாரம் என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. கோடையில் மணல் மேடிட்டு ஆற்றின் வாயை அடைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு பாயும். 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து பெருகியதைச் சென்னை மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இத்தகைய இடத்தில் எதைக் கட்டினாலும் சாதாரண நாளின் நீரோட்டத்தைக் கொண்டு கணக்கிடுதல் போதாது. ஐம்பது ஆண்டுகளில் ஒரு முறை வரும் வெள்ளத்தையும் கொண்டு கணக்கிட வேண்டும். நல்ல நோக்கம் நல்ல கட்டடத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று.

‘சும்மா கிடக்கும்’ நிலம்

அரசாங்கக் கட்டடங்கள் பொருந்தாத இடங்களில் எழுவதற்குக் காரணம் யாது? அதிகாரிகளின் அலட்சியம் என்று ஒரே சொல்லில் பழி போட்டு நகர்ந்துவிடுதல் எளிது. உண்மை அதைவிடச் சற்று ஆழமானது. தனியார் நிலத்தை எடுப்பதானால் இழப்பீடு தர வேண்டும், வழக்கு வரும், ஆண்டுகள் கழியும். ஒதுக்கிய பணத்தையோ அந்த நிதியாண்டுக்குள் செலவிட்டாக வேண்டும். ஆகவே துறைகள் முதலில் தேடுவது புறம்போக்கு நிலத்தையே. எது தக்க இடம் என்னும் வினா பின்னே தள்ளப்படுகிறது. எது உடனே கிடைக்கும் இடம் என்னும் வினா முன்னே வந்துவிடுகிறது. இவ்வாறுதான் ஏரியின் உள்வாயில் அலுவலகமும், ஓடைக்கரையில் பள்ளியும், சுடுகாட்டை ஒட்டி சுகாதார நிலையமும் எழக் காண்கிறோம்.

புறம்போக்கு என்னும் சொல்லையே இன்று வசைச்சொல்லாக்கி விட்டோம். அதன் பொருளோ வேறு. தீர்வை விதிக்கப்படாமல், ஊரின் பொதுப் பயனுக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட நிலமே புறம்போக்கு. மேய்ச்சல் நிலம், நீர்நிலை, களம், வண்டிப்பாதை ஆகியவை அதில் அடங்கும். கடற்கரை ஊருக்கோ மணலே அந்தப் பொதுநிலம். படகை இழுத்து நிறுத்துவது அங்கே. வலை உலர்த்துவது அங்கே. கருவாடு காய்வது அங்கே. மீன் ஏலம் விடுவது அங்கே. பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேயே. ஆனால் நகர வரைபடத்தில் அது வெறும் மணல். யாருக்கும் பயன்படாத வெற்றிடம். வரைபடம் மட்டும் பார்த்து இடம் தேர்வோருக்கு அங்கே ஒரு சாலையோ, மேம்பாலமோ, பூங்காவோ போடுவது மிகவும் எளிதாகத் தோன்றுகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக மேம்பாலச் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது குப்பத்து மக்கள் அதை எதிர்த்தமைக்குக் காரணம் இதுவே. வளர்ச்சி வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. ‘இது வெற்றிடமன்று, எங்கள் தொழிற்சாலை’ என்பதே அவர்களது முறையீட்டின் சாரம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலாக 1991-இல் வெளிவந்தது. 2011-இலும் 2019-இலும் புதிய வடிவம் பெற்றது. மீனவர் ஊர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்கும், சுகாதாரம், பாதுகாப்பு போன்ற அடிப்படை வசதிகளுக்கும் மாநில அரசு விரிவான திட்டம் வகுக்க வேண்டும் என்னும் கருத்து அதில் இடம்பெற்றுள்ளது. சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கச் செய்வதுதான் மக்களின் வேலையாகிவிடுகிறது. சென்னைக் கரையோர மீனவர் தம் படகுத்துறையையும் வலைக்களத்தையும் தாமே அளந்து வரைபடமாக்கி, அரசாங்க வரைபடத்தில் விடுபட்டவற்றைச் சுட்டிக் காட்டியதும் உண்டு. நிலம் சும்மா கிடக்கவில்லை என்று சொல்வதற்கு இதைவிடச் சிறந்த வழி உண்டோ?

வீடு வந்தது, கடல் போயிற்று

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான அந்த ஞாயிறு காலையை நம்முள் யார் மறக்க இயலும்? அதன் பின் 2005 மார்ச் 30-ஆம் நாளைய தமிழக அரசின் ஆணை எண் 172 வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்வோர் அப்பால் செல்ல இசைந்தால் 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசமாகக் கிடைக்கும். இசையாதோர் அரசாங்க உதவியின்றித் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. உயிரைக் காக்கும் நோக்கத்தில் பிறந்த ஆணை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சென்னையின் குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் சென்று சேர்ந்த செம்மஞ்சேரி, மெரினாக் கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. கடலுக்குச் செல்வோன் விடியலுக்கு முன்பே, இருட்டில், காற்றின் போக்கைப் பார்த்துப் புறப்படுகிறான். அந்த நேரத்தில் எந்தப் பேருந்து அவனைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும்? கரையில் மீனை வாங்கித் தலைச்சுமையாக விற்கும் அவன் மனைவிக்குப் பழகிய தெருக்களும் பழகிய வீடுகளும் இங்கே, குடியிருப்போ அங்கே. வீடுகள் முதலில் எழுந்தன. பள்ளியும் மருத்துவமும் போக்குவரத்தும் போதவில்லை என்று குடியேறிய மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட வேண்டியதாயிற்று. நான்கு சுவரும் ஒரு கூரையும் வீடாகிவிடும், வாழ்க்கை ஆகிவிடாது.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரத்தை அடுத்து, கத்தோலிக்க மீனவர் பெருமளவில் வாழும் பூந்துறை என்னும் கடற்கரை ஊர் இருக்கிறது. 1970-களின் நடுவில், லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் அங்கே மீனவர்களுக்குக் குறைந்த செலவு வீடுகளை வடிவமைத்தார். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தம் நாடாகக் கொண்டு, 2007-இல் மறைந்தவர் அவர். வழக்கமான குடியிருப்பில் வீடுகள் பட்டாளத்து வரிசைபோல் நேர்கோட்டில் நிற்கும். முன்வரிசை வீட்டின் முதுகைப் பார்த்தவாறு பின்வரிசை வீடு நிற்கும். காற்று முன்வரிசையோடு நின்றுவிடும். பேக்கரோ வீடுகளை ஒன்றுக்கொன்று சற்று விலக்கி, மாறுபட அமைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும், பிள்ளைகளைக் கண்காணிக்கவும் வீட்டுக்கு முன்னே சிறு முற்றம் கிடைத்தது. சுவர்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவர். கூரையோ தாழ்ந்து சரிந்தது. செலவைக் கூட்டியதால் அமைந்த வசதிகள் அல்ல இவை. இங்கே வாழப் போகிறவன் காலையில் எழுந்ததும் என்ன செய்வான் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால் அமைந்தவை.

சாலையும் அங்காடியும்

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே சென்றால், மெரினாவின் தென்கோடியில் நொச்சிக்குப்பம் வரும். அங்குள்ள மெரினா லூப் சாலையின் ஓரத்தில் மீன் விற்பது நெடுநாள் வழக்கம். சாலையில் போக்குவரத்துக்கு இடையூறு நேர்கிறது என்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மாநகராட்சி கடைகளை அகற்ற முற்பட்டதும் மீனவர்கள் சாலையில் அமர்ந்தனர். ‘எங்கள் ஊருக்குள் சாலை வந்ததா, சாலைக்குள் நாங்கள் வந்தோமா?’ என்பதே அவர்களது வாதத்தின் கரு. 2024 ஆகஸ்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி அங்கேயே திறக்கப்பட்டது.

விற்பவரை இருபது கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பாமல், விற்ற இடத்துக்கு அருகிலேயே கட்டடம் எழுந்தது வரவேற்கத்தக்கது. ஆயினும் இடம் சரியாக அமைந்தாலே போதும் என்று கருதிவிடலாகாது. மீன் அங்காடியின் தேவைகள் துணிக்கடையின் தேவைகள் அல்ல. பனிக்கட்டி உருகி ஓடும் நீருக்குத் தரை தக்க சரிவு பெற்றிருக்க வேண்டும். அந்நீர் தேங்காமல் செல்லச் சாக்கடை வேண்டும். மீன் கழுவத் தண்ணீர் வேண்டும். நாள் முழுதும் அமர்ந்து விற்கும் பெண்ணின் முதுகுக்கு ஏற்ற மேடை வேண்டும். அவளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். வாடிக்கையாளர் எந்தக் கடையையும் தவறவிடாமல் நடந்து செல்லும் வழி வேண்டும். உட்புற மூலையில் ஒதுக்கப்பட்ட கடையில் விற்பனை நடவாது. அக்கடைக்காரி மறுபடியும் சாலை ஓரத்துக்கே வந்துவிடுவாள். அப்போது அவளைப் பிடிவாதக்காரி என்று ஏசுவோம். பிழை அவளிடமா, வரைபடத்திலா?

உப்பும் படியும்

வடிவமைப்பில் சிறியன என்று தள்ளப்படும் செய்திகளே பின்னர்ப் பெரியனவாகின்றன. இரண்டை மட்டும் காண்போம்.

முதலாவது உப்பு. கடற்காற்றில் கலந்துள்ள உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. அங்கன்வாடியின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவது பெரும்பாலும் இதனால்தான். இதைத் தடுக்கும் வழியை இந்தியத் தர நிர்ணயம் முன்னரே வகுத்துள்ளது. கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூட வேண்டும். கலவையும் அதற்கேற்ற உறுதி பெற்றிருக்க வேண்டும். கொத்தனார்கள் ‘கவர் பிளாக்’ என்று கூறும் சிறு கட்டையைக் கம்பியின் அடியில் சரியாக வைத்தால் போதும், இந்த அளவு நிலைக்கும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி வரைபடம் என்று அனுப்பிவிட்டால், மலைக்கும் கடலுக்கும் ஒரே சட்டை தைத்த கதையாகிவிடும். தவறான சட்டையின் விலையைக் கூரையின் கீழ் உறங்கும் குழந்தை கொடுக்கிறது.

இரண்டாவது படி. வெள்ளம் புகாதிருக்கக் கட்டடத்தை உயர்த்திக் கட்டுகிறோம், தவறில்லை. உயர்த்திய தரைக்கு ஏற நாலு படி வைக்கிறோம். ஊன்றுகோலுடன் வரும் முதியவரும், சக்கர நாற்காலியில் வரும் இளைஞனும், நிறைமாதக் கர்ப்பிணியும் வாசலில் நின்றுவிடுகின்றனர். சாய்தளம் ஓர் அடி உயர்வதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது பொது விதி. இரண்டடி உயர்ந்த தரைக்கு 24 அடி நீளச் சாய்தளம் தேவை. இந்த 24 அடியை மனையிலேயே ஒதுக்காமல் கட்டி முடித்துவிட்டால், பின்னர் ஆறடி இடத்தில் செங்குத்தாக ஒரு சரிவை ஒட்டவைக்க நேரும். அது கணக்குக் காட்டத்தான் உதவும்; ஏறுவதற்கு உதவாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களும் ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களுக்கு ஏற்றவையாக வேண்டும் என்றது. அதன் விதிகள் வெளியானது 2017-இல். கெடு முடிந்துவிட்டது, பல வாசல்களில் படி மட்டும் இருக்கிறது. வெறும் பரிந்துரையாக அன்றி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது.

இத்துறையில் நம்பிக்கை தரும் முயற்சியும் நம் கடற்கரையிலேயே உண்டு. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே சென்று வரும் வண்ணம் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் 27-இல் திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதன்முறையாகக் கடல்நீரில் கால் நனைத்தோர் அடைந்த மகிழ்ச்சியைச் செய்தித்தாள்களில் கண்டோம். இரண்டு வாரங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு கரை கடந்த மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது; பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் அத்தகைய பாதை அமைக்கப்பட்டது. முயற்சியைக் கைவிடாதது பாராட்டுக்குரியது. எனினும் கார்த்திகை, மார்கழிப் புயலில் அலை எதுவரை ஏறும் என்பதைக் கரையில் பிறந்து வளர்ந்த ஒரு கிழவரைக் கேட்டால் காலால் கோடு கிழித்துக் காட்டுவார். அந்தக் கோடு பொறியாளரின் வரைபடத்திலும் இடம்பெற வேண்டும் என்பதே நம் அவா.

கட்டிய பின்னும் கட்டடம் உண்டு

பொதுக் கட்டடம் பொதுமக்களின் பணத்தில் எழுவது. ஆட்சிக்கு ஆட்சி மாறும் விருப்பத்துக்கு உரியதன்று. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமெனப் பெரும் பொருட்செலவில் எழுந்த மாளிகை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2014-இல் அது பல்நோக்கு மருத்துவமனையாயிற்று. இன்று அங்கே ஏழைகள் சிகிச்சை பெறுகின்றனர்; மகிழ்ச்சியே. ஆனால் மன்றம் கூடுவதற்கென வரைந்த கட்டடமும் நோயாளி படுப்பதற்கென வரையும் கட்டடமும் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றாக்க இரண்டாம் முறை செலவு நேர்கிறது. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் மருத்துவமனையாக்க 2011-இல் அறிவிப்பு வந்தது. வாசகர்கள் நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நிலைத்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும், சொந்த நூலைக் கொண்டுவந்து படிப்போருக்கான இடமும் அங்கே உண்டு. யார் வருவர் என்று முன்னரே எண்ணிக் கட்டியதால், வந்தவர்களே அதைக் காக்கவும் முன்வந்தனர். மக்கள் தமது என்று உணரும் கட்டடத்துக்கு அவர்களே காவல்.

நான்கு கேள்விகள்

இனி நாம் செய்யத்தக்கது யாது? நம் ஊரில் ஓர் அரசாங்கக் கட்டடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், அடிக்கல் நாட்டு விழாவுக்கு மாலை வாங்குமுன் நான்கு கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும்.

முதலாவது, இங்கே வரப்போகிறவர் யார்? அவர் நடந்து வருவாரா, பேருந்தில் வருவாரா, தூக்கிக்கொண்டு வரப்படுவாரா? இரண்டாவது, இந்த நிலம் இன்று யாருக்குப் பயன்படுகிறது? அவருக்கு மாற்று இடம் உண்டா? மூன்றாவது, மழை, வெள்ளம், உப்பு, வெயில் ஆகிய நான்கும் இங்கே எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஊர்ப் பெரியோரிடம் கேட்டாயிற்றா? நான்காவது, பத்து ஆண்டுகள் கழிந்த பின் இதைப் பெருக்குவோர், வெள்ளையடிப்போர், குழாயைப் பழுதுபார்ப்போர் யார்? கழிப்பறையைக் கட்டப் பணம் இருந்து, தண்ணீர் ஊற்றப் பணம் இல்லாமல், பூட்டோடு நிற்கும் கழிப்பறைகளை நாம் கண்டதில்லையா?

இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கிராமங்களில் கிராம சபை உண்டு. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூட்டப்பட்டு வருகின்றன. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வரைபடத்தையும் மதிப்பீட்டையும் யாரும் கேட்டுப் பெறலாம். சாலை மறியலுக்கு ஆயிரம் பேர் வேண்டும். வரைபடத்தைப் பார்த்து, ‘ஐயா, இங்கே சாய்தளம் எங்கே?’ என்று கேட்க ஒருவர் போதும். அதிலும் கேட்கும் நேரம் முக்கியம். கடைக்கால் தோண்டுமுன் கேட்டால் ஒரு கோட்டை அழித்து எழுதினால் போதும். கூரை போட்ட பின் கேட்டால் சுவரை இடிக்க வேண்டும்.

இக்கேள்விகள் அரசாங்கத்துக்கு மட்டும் உரியன அல்ல. நம் பங்குகளிலும் மண்டபம் கட்டுகிறோம், பள்ளிக்கு வகுப்பறை கட்டுகிறோம், மருந்தகம் கட்டுகிறோம். நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கும் சலவைக்கல்லுக்கு இடம் தேடும் அக்கறையுடன், முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க இடம் தேடியிருக்கிறோமா? கட்டடக் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? மண்டபத்தைப் பெருக்கப் போகிற சகோதரியைக் கேட்டோமா? அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் தகுதி, தன் வீட்டில் இக்கேள்விக்கு விடை கண்டவருக்கே முழுமையாக உரியது.

2015-ஆம் ஆண்டு ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு கலை விழா தொடங்கிற்று. கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர் மக்களோடு கூடி அதை நடத்தினர். மயிலாப்பூரின் சபாக்களில் கேட்கும் இசையும், ஊர்த் தெருக்களில் கேட்கும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. குளிரூட்டிய அரங்கம் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, படிக்கட்டும் இல்லை. மணலில் யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம் என்றிருந்ததால், குப்பத்தாரும் நகரத்தாரும் அருகருகே அமர்ந்தனர். பொது இடம் என்னும் சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. வருகிறவனை வாசலில் நிறுத்தி, ‘நீ யார்?’ என்று கேளாத இடமே பொது இடம். கல்லும் காரையும் கொண்டு நாம் எழுப்பும் கட்டடங்களும் அவ்வாறு அமைய வேண்டுமானால், வரப்போகிறவரை வரைபட மேசைக்கு முதலிலேயே அழைத்தாக வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, முளைக்குச்சி அடிப்பதைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று, இங்கே என்ன வரப்போகிறது, யாருக்காக வரப்போகிறது என்று கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் ஐம்பது ஆண்டுக் குறையைத் தவிர்க்கக்கூடும்.